தனுஷ்கோடி போகிறீர்களா? ரோடு கடைசி வரைக்கும் இருக்கிறது

போன மாதம் ராமேஸ்வரம் போயிருந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. லாட்ஜ் வாசலிலேயே ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். தனுஷ்கோடி போய்வர 900 ரூபாய். சரி என்று ஏறிவிட்டோம்.

வழியில் முகுந்தராயர் சத்திரம் என்கிற ஊரில் ஆட்டோ நின்றது. “இதுக்கு மேல மணல்தான் சார், வேன்லதான் போகணும்.” எதிரே தார் ரோடு தெரிகிறதே என்றேன். “அது கொஞ்ச தூரம்தான் சார்” என்று அவர் முடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது. ஐந்து பேருக்கு 1,500. கல்லூரியில் படிக்கும்போது வந்த சமயம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டே போனோம். அந்த ஞாபகம்தான் என்னைக் கவிழ்த்தது. வேன் வழவழவென்று ஓடியது. 2017-லேயே கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு திறந்தாயிற்று. சொந்தக் காரிலும் போகலாம், ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு. அதில் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. “அப்பா, பஸ்ஸு!” என்றாள் சின்னவள். டிரைவர் காதிலேயே வாங்கவில்லை.

பணத்தைவிட எரிச்சல் வேறு. 1964 டிசம்பர் புயலில் பாசஞ்சர் ரயிலோடு கடல் கொண்டுபோன ஊர் இது. அந்தச் செய்தியைச் சின்ன வயதில் ரேடியோவில் கேட்டவர் அம்மா. புயலில் இடிந்த சர்ச்சில் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். ஸ்டேஷன் இடிபாட்டை ஓடுகிற வேனிலிருந்தே கைகாட்டினார் டிரைவர். கேட்டால், சாயங்காலம் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

ஆனால் கடைக்கு மட்டும் நேரம் இருந்தது. வாளித் தண்ணீரில் ஒரு கல் மிதந்தது. “ராமர் பாலத்துக் கல்லு அம்மா, 300 ரூபா.” ஈரப் பேப்பரில் சுற்றித் தந்தார்கள். லாட்ஜ் பாத்ரூம் வாளியில் போட்டேன். தொப்பென்று அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள். சர்ச் சுவரில் பார்த்த அதே பவளக்கல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தை விற்பதும் குற்றம், வாங்கி வைத்துக்கொள்வதும் குற்றம். மிதக்கும் கல் என்று யார் நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள். மாட்டினால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். கடையில் ஆள் இல்லை. கல்லைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பினால், அம்மா ஸ்டேஷன் சுவர் நிழலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.