குரூப் 4 தேர்வுக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது: கிளை நூலகமா, கோட்டூர்புரமா, கட்டணப் படிப்பகமா?

சென்னைப் புறநகரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவருக்குப் பெரும்பாலும் மூன்று இடங்கள் அமைகின்றன: அருகிலுள்ள அரசுக் கிளை நூலகம், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், மாதக் கட்டணம் வாங்கும் தனியார் படிப்பகம். மூன்றிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், அன்றாடப் படிப்புக்குக் கிளை நூலகத்தையே நான் முதலில் வைப்பேன். பலர் அதைக் கடைசியில் வைக்கிறார்கள்.

கோட்டூர்புரத்தின் பெருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் ஒன்பது தளங்களில் பொருளியல், சட்டம், வரலாறு என்று எதைத் தேடினாலும் ஒரே தலைப்பில் பல நூல்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியும். நம் குறிப்பேடுகளையும் கைடுகளையும் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருப்பது தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி. ஆனால் ஆவடியில் இருப்பவர் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயில் பிடித்துக் கோட்டூர்புரத்தில் இறங்கி, மறுபடி நடந்து போய்த் திரும்புவதற்குள் மூன்று மணி நேரம் கழிந்துவிடும். தாமதமாகப் போனால் இடம் தேடுவதில் இன்னும் கொஞ்சம் போகும். (தென்மாவட்டத்தாருக்கு 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதே வசதியைத் தருகிறது; தொலைவுக் கணக்கு அங்கும் இதுதான்.)

அந்த மூன்று மணி நேரம் ஏன் முக்கியம் என்பதைத் தேர்வின் அமைப்பே காட்டும். குரூப் 4-இல் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள்; அவற்றில் 100 வினாக்கள் தமிழுக்கு உரியவை. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காதவரின் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. இதற்கு அடித்தளம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள்தாம். அவற்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு ஒன்பது தளங்கள் வேண்டியதில்லை. பத்து நிமிட நடையில் ஒரு மேசையும், நடப்பு நிகழ்வுகளுக்கு நாளிதழ்களும் இருந்தால் போதும். அங்கே உட்கார்ந்து படிப்பதற்குக் கட்டணமும் இல்லை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி ஏற்கெனவே வசூலாகிவிடுவதால், இதை இலவசம் என்பதுகூடச் சரியில்லை.

குறைகளும் உண்டு. நண்பகலில் பூட்டிவிட்டு மாலையில் மீண்டும் திறக்கும் கிளைகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை விடுமுறை. அலமாரியில் இருக்கும் கைடுகள் பழையவை. நான் இரவல் எடுத்த ஒரு பொது அறிவு நூலில் தமிழகத்தின் மாவட்டங்கள் 32 என்று இருந்தது. 2019 முதல் பிரிக்கப்பட்டவற்றையும் சேர்த்து இன்றைய கணக்கு 38. போதாக்குறைக்கு, எனக்கு முன் படித்தவர் பென்சிலால் விடைகளைக் குறித்து வைத்திருந்தார், அவற்றில் பாதி தவறு. ஆகவே கிளை நூலகக் கைடை எடுப்பவர் முதலில் அச்சான ஆண்டைப் பார்ப்பது நல்லது. வரலாறு, இலக்கணம் போன்றவற்றுக்குப் பழைய பதிப்பும் உதவும், புள்ளிவிவரத்துக்கு உதவாது.

தனியார் படிப்பகத்தில் நாம் பணம் கொடுப்பது நாற்காலிக்கும், மின் இணைப்புக்கும், இரவு நேரத்துக்கும்தான். நூல்கள் அநேகமாக இருப்பதில்லை. பகலில் வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குமேல் படிக்க உட்காருகிறவருக்கு அது தேவைப்படலாம். பகல் முழுதும் கையில் இருப்பவர் அதற்குச் செலவிடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மூன்று இடங்களும் தராத ஒன்று மாதிரித் தேர்வு. அதற்காகப் பயிற்சி மையத்தில் பெருந்தொகை கட்டுவதற்கு முன், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் விசாரிக்கலாம். அங்கு வகுப்புகள் இலவசம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளில் 200 வட்டங்களைக் கருப்பாக்கும் பழக்கம் நூலக மேசையில் தானாக வந்துவிடாது.

இப்படிப் பார்த்தால் வாரத்தில் ஆறு நாள் கிளை நூலகத்துக்கு உரியவை. அது பூட்டியிருக்கும் வெள்ளிக்கிழமையில், அந்த ஆறு நாளில் சேர்ந்த ஐயங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு காலையிலேயே ரயில் பிடித்துக் கோட்டூர்புரம் போய்விடலாம்.