வெனிஸில் 24 மணி நேரப் படகுச் சீட்டு: பாம்பன்காரி சொல்கிறேன், வாங்குங்கள்

நான் பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. மியூனிக்கில் நர்ஸ் வேலை. அக்டோபர் கடைசியில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. கூட வேலை பார்க்கும் கீழக்கரைத் தோழியும் நானும் ரயிலேறி வெனிஸ் போய் வந்தோம். ஊர்ப் பக்கமிருந்து படிக்கவும் வேலைக்கும் இங்கே வருகிற பிள்ளைகள், "அக்கா, அங்கே எதுக்குக் காசு செலவழிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். முதல் செலவு படகுச் சீட்டாக இருக்கட்டும் என்பேன். ஊருக்குள் ஓடும் பொதுப் படகுக்கு அங்கே வாப்பரெட்டோ என்று பெயர். நம்ம டவுன் பஸ் மாதிரி, தண்ணீரில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

படகுக்கு முன்னால் ரயிலைச் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கில் காலையில் ஏறினால் இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய் என்று மலையைத் தாண்டி மதியம் வெரோனா. அங்கே வண்டி மாறினோம். வெனிஸுக்கு முந்தைய நிலையம் மெஸ்த்ரே. அது வந்ததும் எழுந்து இடது பக்க ஜன்னலுக்குப் போய்விடுங்கள். வலது பக்கம் ரோட்டுப் பாலம் கூடவே வரும். இடது பக்கம் திறந்த தண்ணீர். ரயில் பாலம் 1846-ல் திறந்தது, 222 கண், மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்து ரோட்டுப் பாலம் 1933-ல்தான் வந்தது. எங்கள் ஊரிலும் இதே வரிசைதான்: 1914-ல் ரயில், 1988-ல் ரோடு. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். வாசலில் நின்று கீழே பார்த்தால் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்தே நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததை நான் மியூனிக்கில் இருந்து போனில்தான் பார்த்தேன். அதனாலோ என்னவோ, மெஸ்த்ரே தாண்டி இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தோழி எதுவும் கேட்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரோடு கிடையாது. படிக்கட்டு, அதற்குக் கீழே பெரிய கால்வாய். எதிரே பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். படகுத்துறை அங்கேயே இருக்கிறது. சீட்டு ஒரு தடவைக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. மூன்று தடவை ஏறினாலே கணக்கு நேராகிவிடும். நாங்கள் பதினோரு தடவை ஏறினோம். ஒவ்வொரு தடவையும் துறையில் இருக்கும் கருவியில் சீட்டைத் தொட வேண்டும், மறந்தால் அபராதம். முதல் தடவை தொட்ட நேரத்திலிருந்துதான் 24 மணி கணக்கு.

1ஆம் எண் படகில் ஏறுங்கள். 2ஆம் எண் சீக்கிரம் போகும், ஆனால் நிறையத் துறைகளை விட்டுவிடும். 1ஆம் எண் கால்வாயின் இந்தக் கரை, அந்தக் கரை என்று மாறி மாறி ஒட்டி நின்று, ஊரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோ போய்ச் சேர முக்கால் மணி நேரம் எடுக்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். சில படகுகளில் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், திறந்த வெளியில் நாலைந்து இருக்கை உண்டு. காலியாக இருந்தால் விடாதீர்கள்.

நான் அதிகம் பார்த்தது மாளிகைகளை அல்ல, கயிறு போடும் ஆளை. எங்கள் படகில் ஒரு பெண் அந்த வேலையில் இருந்தாள். துறைக்கு இரண்டு முழம் இருக்கும்போதே கயிற்றை வீசி இரும்புக் கட்டையில் மாட்டுகிறாள். எட்டுப் போல ஒரு சுற்று, அப்புறம் இழுத்துப் பிடிக்கிறாள். முடிச்சே கிடையாது. எஞ்சின் பின்னால் உறுமும், கயிறு முறுகி கீச்சென்று சத்தம் போடும், படகு துறையோடு ஒட்டி நிற்கும். கம்பிக் கதவைத் தள்ளித் துறையின் பெயரை உரக்கச் சொல்வாள். ஆட்கள் இறங்கி ஏறியதும் ஒரே உதறலில் கயிறு கைக்கு வந்துவிடும். எங்கள் அப்பா படகு கட்டும்போதும் அதே கை, அதே தோள் அசைவு. நாலு துறை வரைக்கும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

இன்னொன்று, மிதக்கும் துறை. அந்தத் துறை கரையோடு கட்டிய கல் மேடை இல்லை, தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை. அதனால் ஏற்றமோ வற்றமோ, படகுத் தளமும் துறையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கின்றன. காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும், யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். சக்கர நாற்காலியில் ஒருவர் தானாகவே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் எங்கள் கரையில் பல இடங்களில் படகேற வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி. விற்பதற்குக் கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் நாளில் படகில் ஏறுவதற்கே இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். இந்த மிதவைத் துறை ஒன்றே ஒன்று எங்கள் கரைக்கு வந்தால் எத்தனை பெண்களுக்கு முழங்கால் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

குறையும் உண்டு. மதியம் ரியால்டோ பாலத்துத் துறையில் கூட்டம் தாங்காது. இரண்டு படகை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏற முடிந்தது. காலை எட்டு மணிக்கு முன்னாலோ இருட்டிய பிறகோ போங்கள். இருட்டிய பிறகு இன்னும் நன்று, வீடுகளுக்குள் விளக்கு எரியும், மேற்கூரையின் மர உத்தரமெல்லாம் படகிலிருந்தே தெரியும். கொண்டோலா என்ற துடுப்புப் படகு அரை மணிக்கு 90 யூரோ, ராத்திரியில் 110. நாங்கள் ஏறவில்லை. ஐந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

அந்தச் சீட்டிலேயே 12ஆம் எண் படகில் புரானோ தீவுக்கும் போகலாம், முக்கால் மணி நேரத்துக்குள். வழியில் தண்ணீரில் மூன்று மூன்று மரக்கம்பங்களைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு நட்டிருக்கிறார்கள். ஆழமான வழி எது என்று காட்டும் அடையாளம் அது. மற்ற இடமெல்லாம் பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைவு, தரை தட்டிவிடும். ஒரு கம்பத்தை ஒட்டிப் படகு போனபோது பார்த்தேன்: மேலே தடியாக இருக்கிறது, நீர்மட்டத்தில் மட்டும் அரித்து அரித்து மணிக்கட்டு மாதிரி சிறுத்திருக்கிறது. மரப்புழு. வள்ளம் வைத்திருந்த எவருக்கும் அந்த அரிப்பு தெரியும். தாத்தா வள்ளத்தைக் கரையேற்றிப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. முதல் நாள் இரவு ஒரு கடையில் கொடுவா மாதிரி மீன், விலைப்பட்டியலில் 9 யூரோ. மலிவு என்று கொண்டுவரச் சொல்லிவிட்டோம். அது 100 கிராமுக்கு உள்ள விலை. மீன் 600 கிராம், 54 யூரோ. மேசையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 3 யூரோ தனி. மீன் வாங்கி வளர்ந்த இரண்டு பேர் எடை கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். மறுநாள் நின்றுகொண்டே சாப்பிடும் சின்னக் கடைகளுக்குப் போனோம், துண்டு ஒன்று இரண்டு, இரண்டரை யூரோ. நம்ம சூடை அளவு மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். மீன் கெடாமல் இருக்கக் கடலோடிகள் கண்ட வழி. புளிப்பும் இனிப்பும் மீனுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. இன்னொன்று நார்வேக் கருவாடு, எண்ணெய் விட்டு வெண்ணெய் போல அடித்து ரொட்டியில் தடவியது. 1432-ல் கப்பல் உடைந்து நார்வேயின் ரோஸ்ட் தீவில் ஒதுங்கிய பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் வழியாக அந்தக் கருவாடு இந்த ஊருக்கு வந்தது என்கிறார்கள். "ஒரு பச்சை மிளகா மட்டும் இருந்தாப் போதும்க்கா," என்றாள் தோழி. நாலு துண்டு சாப்பிட்டாள்.

கா ரெத்சோனிக்கோ துறையில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் சாந்தா மர்கெரீத்தா சதுக்கம். அங்கே ஒரு சுவரில் பழைய கல் பலகை பதித்திருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்ற பட்டியல்: மத்தி 7, விலாங்கு 25. குஞ்சு மீனை அள்ளாதே என்று கல்லில் வெட்டி, மீன் விற்கிற இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். வருடத்தில் 61 நாள் தடைக்காலத்தில் வலை காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தடை முடிந்த முதல் வாரமே விரல் நீளக் குஞ்சு கூடை கூடையாகக் கரைக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லை விரலால் தடவிவிட்டுத்தான் வந்தேன்.

கடைசி நாள் காலை அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டுக் கால்வாய்ப் படிக்கட்டைக் காட்டினேன். கீழ் நாலு படியில் பச்சையாகப் பாசி. அம்மா மாளிகையைக் கேட்கவில்லை. "அது வழவழப் பாசி, விக்காது. நீ அதுல கால வைக்காத, வழுக்கும்," என்றாள். பக்கத்தில் எட்டிப் பார்த்த தோழியிடம், "அவளப் பிடிச்சுக்க தாயி," என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் 4.40-க்கு நிலையத்துத் துறையில் சீட்டைத் தொட்டோம். மறுநாள் 4.25-க்குப் புரானோவிலிருந்து திரும்பி கடைசியாக 1ஆம் எண்ணில் ஏறித் தொட்டோம். இரண்டு இரவு அங்கேயே தங்கினோம், மூன்றாம் நாள் காலை நிலையத்துக்கு நடந்தே போய்விட்டோம். நீங்கள் வந்து இறங்கியதும் தொடாதீர்கள். பையை அறையில் போட்டுவிட்டு, எப்போது படகேறப் போகிறீர்களோ அப்போது தொடங்குங்கள்.