விதையும் நானே, விளைச்சலை வாங்குவதும் நானே என்பவரிடம் உஷார்

அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே, கேரி பக்கம் நிலம் வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இதை எழுதுவது 2020 நடவுக்கு விதை பிடிக்கும் நேரத்தில். போன வருஷம் எங்கள் பணத்தை விழுங்கிய ஹெம்ப் விதை வியாபாரி இப்போது வேறு கம்பெனிப் பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் பேசும் விதத்தைச் சொன்னாலே உங்களுக்கு ஆள் தெரிந்துவிடும்.

நானும் மச்சானும் சாத்தம் கவுண்டியில் சின்னதாக ஒரு பண்ணை போட்டிருக்கிறோம். வெண்டை, கத்தரி, மிளகாய், கொஞ்சம் கோழி. கேரியில் இருக்கும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள்தான் வாடிக்கை. போன வருஷம்தான் முதல் பருவம். அதில் 2 ஏக்கரில் ஹெம்ப் போட்டோம். கஞ்சாச் செடியின் இனம்தான் இது. காய்ந்த எடையில், போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஹெம்ப், தாண்டினால் கஞ்சா. சட்டத்துக்கு அவ்வளவுதான் வித்தியாசம். 2018 டிசம்பரில், ஹெம்பை நாடு முழுக்கச் சட்டப்பூர்வமாக்கிய ஃபார்ம் பில் கையெழுத்தானதும் ஊரே, ஹெம்ப் பூவிலிருந்து எடுக்கும் போதை தராத சி.பி.டி. எண்ணெய் என்று பேச ஆரம்பித்தது. புகையிலை காய வைத்த பழைய கொட்டகைகளுக்குக்கூட திடீரென்று வாடகை கேட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் குழுவில் ஒரு தம்பி வந்தார். "அண்ணா, விதை அவங்களே தர்றாங்க, அறுவடையையும் அவங்களே எடுத்துக்கறாங்க. நீங்க தண்ணி விட்டாப் போதும்." விதைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் போவது பின்னால்தான் தெரிந்தது. பெருந்துறை ஈமு கோழி மோசடி நினைவிருப்பவர்களுக்கு இந்த வசனம் பழசு. குஞ்சு விற்கிற அன்றைக்கே விற்பவனுக்கு லாபம் வந்துவிடும். திரும்ப வாங்குவது என்பது வெறும் தூண்டில். இங்கே கோழிக்குப் பதில் விதை.

3,000 விதை, ஒன்று ஒரு டாலர். கொள்முதல் ஒப்பந்தத்துக்கு முன்பணம் தனி. ஒரு விதைக்கு ஒரு டாலரா என்று ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் 2019இல், பெண் செடியாகவே முளைக்க வேண்டிய 'பெண் விதை'க்கு அதுதான் சந்தை விலை. சி.பி.டி. பெண் பூவில்தான் நிறைய இருக்கும். ஆண் செடி மகரந்தம் விட்டால் பெண் பூவெல்லாம் விதை கட்டி, சரக்கின் தரம் இறங்கிவிடும். அதனால் பெண் செடி ஒன்றை வெள்ளி உப்புக் கரைசல் தெளித்து மகரந்தம் விட வைத்து, அதைக் கொண்டு பெண் விதை எடுக்கிறார்கள். ஒழுங்காக எடுத்த விதையில் நூற்றுக்கு ஒன்று ஆணாக வந்தாலே அதிகம் என்பார்கள்.

எங்களுக்கு வந்தது ஜிப் பையில், மார்க்கர் பேனாவால் ரகப் பெயர் எழுதிய விதை. லாட் எண் இல்லை, முளைப்புத் திறன் இல்லை, சோதனைத் தேதி இல்லை. இதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டியவை. கேட்டதற்கு, "இந்த வருஷம் டிமாண்ட் அப்படி, லேபிள் பின்னாடி வரும்" என்றார்கள். வரவே இல்லை. தட்டில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு முளைக்கவில்லை.

ஜூலையில்தான் விஷயம் முழுசாக வெளியே வந்தது. தண்டில் இலைக்காம்பு சேரும் கணுவைப் பார்க்க வேண்டும். பெண் என்றால் அங்கே இரண்டு வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருக்கும்; ஆண் என்றால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை மொட்டுகள் கொத்தாகத் தொங்கும். முதல் வரிசையிலேயே பத்துக்கு இரண்டு ஆண். மச்சான் ஒரு கறுப்புக் குப்பைப் பையைச் செடியின் தலையில் கவிழ்த்து, மகரந்தம் சிதறாமல் வேரோடு பிடுங்குவான், நான் அடுத்த செடியைத் தேடுவேன். அந்தச் சிவப்புக் களிமண்ணில், அந்தப் புழுக்கத்தில், விடிந்ததிலிருந்து இதே வேலை. வெண்டை பறிக்க ஆள் இல்லாமல் முற்றிப் போனது. அப்படியும் சில தப்பிவிட்டன. செப்டம்பரில் பூவை விரலில் தேய்த்தால் உள்ளே நறநறவென்று விதை. போதாததற்கு சோளக் கதிர்ப்புழு வேறு மொட்டுக்குள் புகுந்தது. ஹெம்புக்கென்று ஒரு சில பூச்சிமருந்துகளை இ.பி.ஏ. (மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) அனுமதித்ததே 2019 டிசம்பரில்தான். அறுவடை முடிந்து கொட்டகை கூட்டிப் பெருக்கிய பிறகு!

போன் பண்ணினால், "வெயில் அதிகம், செடி ஸ்ட்ரெஸ்ஸில் ஆணாக மாறியிருக்கும்" என்று பதில். பெண் செடியில் அங்கங்கே ஆண் பூ வருவது உண்டுதான். முழுச் செடியும் ஒரு வெள்ளை முடிகூட இல்லாமல் ஆணாகவே நிற்பது விதையில் கலப்படம். இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2019இல் கென்டக்கி நிறுவனம் ஒன்று ஓரிகன் விதை வியாபாரி மீது ஆண் விதை கொடுத்ததாக 4.4 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது செய்தியில் வந்தது.

அடுத்தது ஆய்வக அறிக்கை. விளம்பரத்தில் சி.பி.டி. 15 சதவீதம், டி.எச்.சி. 0.3க்குக் கீழே என்று ஒரு தாளைக் காட்டினார்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ரகங்களில் சி.பி.டி. ஏறினால் டி.எச்.சி.யும் கூடவே ஏறும், ஏறத்தாழ 25க்கு 1 என்ற விகிதத்தில். அப்படியானால் 15க்கு 0.6 வர வேண்டும். எப்படி 0.3க்குள் அடங்கியது? அவர்கள் டெல்டா 9, அதாவது பூவில் ஏற்கெனவே டி.எச்.சி.யாக இருக்கும் அளவை மட்டும் போட்டிருந்தார்கள். சூடுபட்டால் டி.எச்.சி.யாக மாறும் டி.எச்.சி.ஏ.வை அதில் சேர்க்கவில்லை. 2019 அக்டோபர் 31இல் வந்த மத்திய வேளாண் துறை விதி, டி.எச்.சி.ஏ.வை 0.877ஆல் பெருக்கிச் சேர்த்துத்தான் பார்க்கச் சொன்னது. தாண்டினால் பயிரை அழிக்க வேண்டும் என்றது அந்த விதி. 15 சதவீதம் என்று யாராவது சொன்னால் மொத்த டி.எச்.சி. எவ்வளவு என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் கொள்முதல். விலை ஒரு பவுண்டுக்கு, ஒரு சதவீத சி.பி.டி.க்கு இவ்வளவு என்று பேசுவார்கள். 2019 நடுவில் அது 3, 4 டாலர் இருந்தது. 10 சதவீதச் சரக்கென்றால் பவுண்டுக்கு 30 டாலருக்கு மேல். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், சரக்கை ஏற்பதும் மறுப்பதும் வாங்குபவர் விருப்பம் என்று ஒரு வரி. கையெழுத்துக்கு முன்பே அதை எடுத்துக் கேட்டேன். "வக்கீல் வழக்கமாகப் போடுவது, கண்டுகொள்ளாதீர்கள்" என்று மின்னஞ்சலிலேயே எழுதினார்கள். நவம்பரில் எங்கள் சரக்கில் சி.பி.டி. 5 சதவீதம்தான் வந்தது, விதை கட்டியதால். "6க்குக் கீழே எடுக்க மாட்டோம்" என்றார்கள். அவர்கள் விதையால் கெட்ட சரக்கு, அவர்களே வேண்டாம் என்கிறார்கள்! வெளியில் விற்கலாம் என்றால் நாடு முழுக்க ஆளாளுக்குப் போட்டுச் சந்தை நாறிக் கிடந்தது. 2020 தொடக்கத்தில் பாயிண்ட்டுக்கு, அதாவது ஒரு சதவீத சி.பி.டி.க்கு, ஒரு டாலர்கூடத் தேறவில்லை. கென்டக்கியில் இந்தத் தொழிலின் பெரிய கம்பெனியான ஜென்கானாவே 2020 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, சந்தை நிலவரத்துக்காகச் சொல்கிறேன்.

வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, தகராறு வந்தால் வேறு மாநிலத்தில் மத்தியஸ்தம் என்று இருக்கிறதே, அங்கே போய் வரும் செலவு விதைக் காசைத் தாண்டும் என்றார். அதற்குள் அந்தக் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். நமக்கு அறிமுகம் செய்த தம்பி குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார். மாநில வேளாண் துறையின் விதைப் பிரிவில் லேபிள் இல்லாத விதை விற்றதற்காகப் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்குக் கையில் இருப்பது அதுதான்.

இந்த வருஷம் அவர்கள் விற்பது சி.பி.ஜி. விதை; சி.பி.டி. போல ஹெம்பில் இருக்கும் இன்னொரு பொருள் அது. "சி.பி.டி. காலம் போச்சு, இதுல டி.எச்.சி. பிரச்சினையே இல்ல" என்று ஆரம்பிப்பார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், லாட் எண்ணோடு லேபிள் ஒட்டிய விதைக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஆண் செடி இத்தனைக்கு மேல் வந்தால் பணம் வாபஸ் என்று எழுதி வாங்குங்கள். நூறு விதையை ஈரத் துணியில் முளைக்கட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள். கொள்முதல் செய்பவர் விதைக்காரராக இருக்கவே கூடாது.

போன வருஷம் மார்க்கர் பேனாவால் எழுதிய ஜிப் பையில் விதை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பையின் படம், பணம் கட்டிய ரசீது இரண்டையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.