அம்மாவின் கிளினிக் கொப்பியும் என் கணக்கும்

2018 இலிருந்து மாதாமாதம் அம்மாவை இங்கே திருகோணமலையில் ஒரு அரச ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். சுகர், பிரஷர் இரண்டும் இருக்கிறது. கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு முறையும் குறித்துவைப்பேன்: நம்பர் எடுத்த நேரம், டொக்டரைப் பார்த்த நேரம், மருந்து கைக்கு வந்த நேரம், வெளியில் வாங்கச் சொன்ன மருந்து.

காத்திருப்புத்தான் பெரிய குறை என்று நினைத்துத் தொடங்கிய வேலை இது. ஆனால் இத்தனை வருசத்தில் அந்த நேரம் அவ்வளவாக மாறவில்லை, விடிய ஆறு மணிக்குப் போனால் மத்தியானச் சமையலுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம், அதற்கு நாங்களும் பழகிவிட்டோம். மாறியது கடைசிக் குறிப்புத்தான். முதல் மூன்று வருசம் அந்த இடம் அநேகமாக வெறுமையாகவே கிடக்கிறது. 2022 இல் டொலர் இல்லாமல் நாட்டுக்குள் மருந்து வருவது சுருங்கியதும் பக்கம் நிரம்பத் தொடங்கியது. சுகருக்கான மெட்ஃபோர்மின் இரண்டு கிழமைக்கு மட்டும், பிரஷருக்கான லொசார்டன் வெளியில், கொலஸ்ட்ரோல் குளிசையும் வெளியில். அந்த ஜூலையில் பெற்றோலும் இல்லை. உப்புவெளியிலிருந்து அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். மருந்து கொடுக்கும் யன்னலில் இருந்தவர் கொப்பியில் இரண்டு பெயருக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு, "இது ரெண்டும் இல்லை அம்மா" என்றார். அவர் குரலிலும் களைப்புத்தான். அம்மா வாங்கில் இருந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வந்த நோயாளிகளின் எண்ணிக்கையில் அம்மாவும் ஒருவர்தான். டொக்டர் பார்த்தார், கொப்பியில் எழுதினார், கணக்குச் சரி. ஆனால் அம்மா பாதி மருந்தோடுதானே திரும்பினார்? ஒரு ஆஸ்பத்திரியை நம்பலாமா என்று அளக்க வேண்டுமென்றால், வந்தவர் ஒரே வரவில் முழு மருந்தோடும் வீட்டுக்குப் போனாரா என்று எண்ண வேண்டும், அதையும் மாதாமாதம், வருசக்கணக்கில். வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் மூதூர் அம்மா ஒருவர் இருப்பார். 2009 இல் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பயணம் லேசாகிவிட்டது என்பார், ஆனாலும் இல்லாத ஒரு மருந்துக்காக இன்னொரு நாள் வருவதென்றால் அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும். சராசரிக் கணக்கில் இது தெரியாது.

ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்: அந்த மோசமான வருசத்திலும் ஒருநாள்கூட அம்மாவைப் பார்க்காமல் திருப்பி அனுப்பவில்லை, ஒரு சதம் வாங்கவும் இல்லை. டொக்டர்மார் மாற்றலாகிப் போய்வந்தார்கள், கிளினிக் நிற்கவில்லை.

இப்போது பரவாயில்லை. இடைக்கிடை ஏதாவது ஒரு மருந்து இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். இன்றைக்கு எது இல்லை என்று காலையிலேயே நம்பர் கொடுக்கும் இடத்தில் ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதும், தூரத்திலிருந்து வருகிறவர்கள் டொக்டரிடமே மாற்று மருந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள்.