பிளஸ் ஒன் சேர்ப்பதற்கு முன் எந்த மேசையில் ஆள் இருக்கிறார் என்று பாருங்கள்

பள்ளிக்கூடத்துக்கெல்லாம் யாராவது மதிப்பீடு எழுதுவார்களா என்று என் மனைவி கேட்டாள். பம்பு செட்டுக்கு எழுதுகிறார்கள், பரோட்டா கடைக்கு எழுதுகிறார்கள். பிள்ளையை ஒப்படைக்கிற இடத்துக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்? என் மகள் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினாள். முதல் குரூப். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். பள்ளியின் பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். நான் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். ரிப்பேருக்கு வருபவர்களில் பலர் அந்தப் பள்ளியோடு ஏதாவது ஒரு வகையில் சம்பந்தப்பட்டவர்கள்.

முதலில் ஒரு விஷயம். வாசலில் கட்டியிருக்கும் தேர்ச்சி விழுக்காட்டு ஃபிளெக்ஸ் போர்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்தில் 15 வந்து, மொத்தம் 35 ஆனால் தேர்ச்சி. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் தாராளமாகப் போட்டுவிட்டால், பாடம் கால்வாசி தெரிந்த பிள்ளைகூட கரையேறிவிடும். அதனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்கிற போர்டு எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. நான் பார்ப்பது வேறு: ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் மணி அடித்த பிறகு என்ன செய்கிறார்.

கல்லூரியில் துறை என்றால் தனி அறை, பெயர்ப்பலகை, பத்துப் பேர் இருப்பார்கள். எங்கள் பள்ளியில் வேதியியல் துறை என்பது ஒரு டீச்சர், ஓர் ஆய்வக உதவியாளர், பூட்டுச் சரியாக விழாத ஒரு பீரோ. அவ்வளவுதான். அந்த ஒருவர் மாறுதலாகிப் போனால் துறையே பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். தனியார் பள்ளியை விமர்சிப்பவர்களுக்கும் அரசுப் பள்ளியைப் புகழ்பவர்களுக்கும் இது புரிவதில்லை. பள்ளி என்று மொத்தமாக ஒன்றும் கிடையாது. ஆசிரியர் அறையில் கிடக்கும் மேசைகள்தான் பள்ளி.

அந்த வேதியியல் மேசைக்கு என்னிடம் ஐந்துக்கு ஐந்து. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்காகப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்த ஒரு நாள், டீச்சர் ஆய்வகத்திலிருந்து வரும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்ரஸ் சல்பேட் கரைசலில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. பியூரெட் என்கிற அளவுக் குழாயில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல், கீழே கூம்புக் குடுவை. மற்றக் கரைசல் என்றால் குழாய்க்குள் திரவத்தின் மேற்பரப்பு வளைந்து நிற்கும் இடத்தில், அந்த வளைவின் அடிமட்டத்தைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும். இது அடர்நிறமாக இருப்பதால் அடிமட்டம் தெரியாது, மேல்மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண்ணின் தலையைப் பிடித்துக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். இன்னொரு பெண்ணின் குடுவையில் இளஞ்சிவப்பு வருவதற்குப் பதிலாகக் கலங்கலாகப் பழுப்பு வந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். "அமிலம் குறைச்சலாக ஊற்றியிருக்கிறாய். எல்லோரும் இங்கே வாருங்கள், இது என்ன என்று பாருங்கள்" என்று வகுப்பையே அந்தக் குடுவையைச் சுற்றி நிறுத்திவிட்டார். அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு டை ஆக்சைடு வந்துவிடும் என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்று பழுப்பாகவே பார்த்தார்கள்.

பிறகு வாய்மொழிக் கேள்வி. "நீர்த்த கந்தக அமிலம்தானே ஊற்றினோம், ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றவில்லை?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெர்மாங்கனேட் அந்தக் குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், அளவு தப்பாக வரும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே கேள்வியை மறுபடி கேட்பேன் என்றார். கேட்டாராம். செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளரும் அதையே கேட்டார் என்று மகள் வீட்டுக்கு வந்து குதித்தாள்.

நான் கவனித்தது வேறொன்று. வகுப்பு முடிந்ததும் பிப்பெட்டையும் பியூரெட்டையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பிள்ளைகளை வெளியே விட்டார். பட்டறைக்காரனுக்குத் தெரியும், வேலை முடிந்ததும் சாமானைத் துடைத்து வைக்கிறவனிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இயற்பியல் சாருக்கும் குறையில்லாத மதிப்பெண். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "அண்ணாச்சி, எரிந்துபோன ஸ்டேட்டர் ஒன்று கிடைக்குமா? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்" என்று கேட்டார். மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் இரும்புப் பகுதிதான் ஸ்டேட்டர். வைண்டிங் கருகி, வார்னிஷ் நாற்றம் அடிக்கும் பழைய மோனோபிளாக் பம்பு ஸ்டேட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மின்காந்தத் தூண்டல் பாடத்தில் சுழல் மின்னோட்டம் என்று ஒன்று வருகிறது. இரும்பு உள்ளகத்தை ஒரே கட்டியாகச் செய்யாமல், மெல்லிய தகடுகளை ஒன்றோடொன்று மின்சாரம் பாயாதபடி அடுக்கிச் செய்வது அந்த மின்னோட்டம் பெரிதாகச் சுற்றி இரும்பைச் சூடாக்காமல் இருக்கத்தான். நான் ஆண்டுக்கணக்கில் அந்தத் தகடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், ஐ.டி.ஐ.யில் படித்ததுதான். ஆனால் என் மகள் என் பட்டறைக்கு வந்து ஸ்டேட்டரின் ஓரத்தை நகத்தால் கீறி, "அப்பா, இது ஒவ்வொன்றும் தனித்தனித் தகடு, தெரியுமா?" என்று எனக்கே பாடம் எடுத்தது அந்த வாரம்தான். சாருக்கு ஸ்டேட்டரை இலவசமாகக் கொடுத்ததில் எனக்கு நஷ்டமில்லை. இப்போதும் அது இயற்பியல் ஆய்வக அலமாரியில் இருக்கிறதாம்.

தமிழ் ஐயா பழைய காலத்து ஆள். மாலையில் இலக்கிய மன்றம் நடத்துவார், வருகிறவர்கள் வரட்டும் என்பார். செய்யுளின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு சொல்லக் கற்றுக் கொடுத்தது அவர்தான். 'கற்க கசடற' குறளை எடுத்துக்கொண்டு தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா என்று விரல் விட்டுக் கொண்டே போய், கடைசிச் சீர் 'தக' மலர் என்று முடிப்பாள் மகள். மதிப்பெண்ணுக்காகப் படித்தது மாதிரி எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் செய்துகொண்டிருந்தாள். அறிவியல் குரூப் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு என்று பேசுகிற பெற்றோர் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்கள் ஐயாவின் வகுப்பில் ஒரு தடவை பின்வரிசையில் உட்காரலாம்.

இனிக் குறைகள். ஆங்கிலப் பணியிடம் பிளஸ் டூவின் பாதி வரை காலி. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகத் தற்காலிகமாக ஒருவரை வைத்தார்கள். சின்னப் பெண், நன்றாகவே நடத்தினாராம், ஆனால் சம்பளம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. பாதியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குப் பிறகு, தாவரவியல் ஆசிரியர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் ஆங்கில வகுப்பைப் 'பார்த்துக்கொண்டார்'. பார்த்துக்கொண்டார் என்றால், சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் என் மகள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்கூடச் சுயமாக எழுதவில்லை, எழுதியதெல்லாம் கையேட்டிலிருந்து. இப்போது கல்லூரியில் அதற்குத்தான் கஷ்டப்படுகிறாள்.

கணித சார் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்கிற கணக்கிலேயே கணிதத்தை நடத்துகிறவர். அரையாண்டுக்குப் பிறகு பாடமே கிடையாது, திருப்புதல் தேர்வும் முக்கிய வினாக்களும்தான். உடற்கல்வி வகுப்பையும் அவரே வாங்கிக்கொண்டார். மைதானம் பக்கத்திலேயே இருந்தது, பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஏன் விட்டுக்கொடுத்தார் என்று கேட்டால், தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் கேள்வி கேட்பது கணித ஆசிரியரைத்தான், என்னை அல்ல என்றாராம். அதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

பிளஸ் ஒன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் நேரே பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இப்போது 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சந்தோஷம். ஆனால் வகையீடும் தொகையீடும் ஆரம்பிப்பது பிளஸ் ஒன்னில். அந்த அடித்தளத்தை யார் ஒழுங்காகப் போடுகிறார், யார் தாண்டிப் போகிறார் என்பது இனி முழுக்க முழுக்க அந்தந்த ஆசிரியரின் மனசாட்சியைப் பொறுத்தது. எங்கள் வேதியியல் டீச்சர் தாண்ட மாட்டார். கணித சாரைப் பற்றி உத்தரவாதம் தர நான் தயாரில்லை.

அலுவலகம் பற்றிச் சுருக்கமாக: சான்றிதழ் எதற்குப் போனாலும் 'நாளைக்கு வாருங்கள்'. மதிய உணவு இடைவேளைக்கு முன்னால் போனால் வேலை நடக்கும். கழிப்பறையைப் பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினோம், தண்ணீர் வந்தது. மோட்டாரைச் சரிசெய்ததும் நான்தான். அந்தக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான், போனால் பேச விடுவார்கள். போகிறவர்கள்தான் குறைவு.

வழிகாட்டுவதில் உயிரியல் ஆசிரியைக்குத் தனியாக நன்றி. பிள்ளைகளுக்கு மேற்படிப்பு, வேலை பற்றி வழிகாட்டும் அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். சிலர் அதை ஒரு படிவம் நிரப்பும் வேலையாக முடித்துவிடுவார்கள். இவர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் போட்டு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு, கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று விளக்கினார். பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்திவிடலாம் என்று இருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவந்தது அந்த போன்தான். இதற்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம் கிடையாது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. முதல் குரூப் எடுக்கிறவர்கள் தயங்காமல் சேர்க்கலாம். ஆங்கிலத்துக்கு மட்டும் வெளியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வணிகவியல் குரூப்பைப் பற்றி அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் கேளுங்கள். சேர்க்கப் போகும்போது தலைமையாசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் பாடத்தில் பணியிடம் காலி? மழுப்பாமல் பதில் சொன்னார் என்றால் நல்ல அறிகுறி. எங்களுக்கு மழுப்பாமல்தான் சொன்னார்.

மகள் இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முதலாம் ஆண்டு. மகன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான், அடுத்து அவனுக்கும் இதே பள்ளிதான். ஆசிரியர்களுக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு நடக்கும்போது வேதியியல் டீச்சர் சொந்த ஊருக்குப் போகக் கேட்டிருக்கிறார் என்று ஒரு பேச்சு. அவர் போய்விட்டால் இந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுதுவேன்.