பழைய ஐ5 சிஸ்டத்தில் ஆர்எக்ஸ் 6600: சில வருட அனுபவம்

பழைய டெஸ்க்டாப்புக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்று யாராவது கேட்டால், எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துச் சொல்லச் சொல்கிறேன். கார்டை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த லேபிளும் மதர்போர்டும் ப்ராசஸரும் பாதி முடிவை முன்பே எடுத்துவிட்டன.

என்னுடையது 2014-ஐச் சேர்ந்த சிஸ்டம். இன்டெல் கோர் ஐ5-4590, பி85 சிப்செட் போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 2 ஜிபி மெமரி உள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டைக் குறை சொல்ல மனம் வராது. 60 வாட்டில், தனி பவர் கேபிளே இல்லாமல், ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரத்தை வைத்தே ஓடியது. ஆனால் 2 ஜிபி மெமரியை வைத்துக்கொண்டு புதிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் போர்த்தும் படங்களை) எவ்வளவு குறைத்தாலும் சுவர்கள் களிமண் பூசியதுபோல் மங்கலாகத்தான் தெரிந்தன. யூடியூபில் உயர்தர வீடியோ ஓடினாலும் ப்ராசஸர் திணறியது. விபி9 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி அந்தச் சிப்பில் கிடையாது, எல்லா வேலையும் ப்ராசஸர் தலையில்தான் விழும். 2022-ன் தொடக்கத்தில் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அப்போது என் முன்னால் இருந்த வழிகள் அதிகமில்லை. கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரும் அதிகபட்ச மின்சாரம் 75 வாட். அதற்குள் அடங்க வேண்டுமென்றால் ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை. அதே ஜனவரியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வந்தது. பெயர் புதிது, ஆனால் அது நான்கு லேன் (தரவு போகும் தடம்) மட்டும் உள்ள கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸின் 4.0 பதிப்பு உள்ள போர்டில் அது பெரிய விஷயமில்லை. என் போர்டு 3.0 என்பதால் போக்குவரத்துப் பாதை நொடிக்கு 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பிவிட்டால் மீதி டெக்ஸ்சர்கள் சிஸ்டத்தின் ரேமிலிருந்து அந்தக் குறுகலான வழியாகத்தான் வர வேண்டும். போதாததற்கு, வீடியோவை என்கோட் செய்யும் (சுருக்கிப் பதிவு செய்யும்) பகுதியையே அதில் எடுத்துவிட்டார்கள். பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கான விலைப்பிரிவில் வந்து, பழைய சிஸ்டத்தில்தான் மிக மோசமாக ஓடும் கார்டு அது. பிற்பாடு வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு வேறு சிக்கல்: ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாத போர்டில் அவற்றின் வேகம் நன்றாகவே அடிவாங்கும். என் காலத்து போர்டுகளில் அந்த வசதி கிடையாது.

ஆக ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டையே வாங்கினேன். 8 ஜிபி மெமரி, எட்டு லேன், 132 வாட், ஒரே ஒரு எட்டு முள் பவர் கனெக்டர். எட்டு லேன் என்றால் 3.0 போர்டில் நொடிக்கு சுமார் 7.9 ஜிபி. 8 ஜிபி மெமரியும் சேர்ந்திருப்பதால் இந்தப் பாதை குறுகல் என்று இதுவரை எனக்குத் தோன்றவில்லை.

இப்போது லேபிளுக்கு வருவோம். என் பழைய எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. அது எல்லா வோல்ட்டேஜையும் கூட்டிப் போட்ட எண். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. லேபிளின் 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ஐ5-4590-க்கு 84. கூட்டினால் அதுவும் 216. ஃபேன், ஹார்டு டிஸ்க், மதர்போர்டு எல்லாம் காற்றைக் குடித்துத்தான் ஓட வேண்டும். தவிர, இந்தக் கார்டுகள் சில மில்லிநொடிகளுக்குச் சொல்லப்பட்ட வாட்டைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த கெப்பாசிட்டர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. கார்டு வாங்கும்போதே 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றும் வாங்கினேன். 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் தருவது.

சாட்டா கேபிளிலிருந்து கிராபிக்ஸ் பவர் எடுக்கும் கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முள்கள், முள்ளுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். ஆறு முள் கனெக்டரிலிருந்து கார்டு 75 வாட் வரை கேட்கலாம், எட்டு முள்ளிலிருந்து 150 வாட். மிச்சத்தைப் பிளாஸ்டிக் உருகித்தான் ஈடுகட்டும்.

பொருத்துவதில் சொல்ல வேண்டியவை சில உண்டு. பழைய கேபினட்டில் ஹார்டு டிஸ்க் கூண்டு கார்டின் வாலுக்கு நேராக நிற்கும்; ஸ்லாட்டிலிருந்து கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குவது நல்லது. என்னுடையது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டு உட்கார்ந்ததும் கீழே இருந்த இரண்டு சாட்டா போர்ட்டுகள் அதன் அடியில் மறைந்துவிட்டன. கேபிளை முதலில் செருகிவிட்டு அப்புறம் கார்டைப் போட வேண்டும், அதுவும் தலை வளைந்த சாட்டா கேபிளாக இருந்தால்தான் இடம் பத்தும். ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி அத்தனை வருடத்தில் காய்ந்து மொறுமொறுப்பாகியிருக்கும். பழைய கார்டை எடுக்கும்போது விரலால் எட்டிப் பிடித்து இழுக்காமல், மரக்குச்சி போன்ற ஒன்றால் மெதுவாக அழுத்தி விடுவித்தேன், உடையாமல் தப்பியது. இன்னொன்று: புதிய கார்டுகளில் விஜிஏ கிடையாது. பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால், வெறும் முனை மாற்றி உதவாது, உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் தேவை. என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறியதால் பழைய டிரைவரை சேஃப் மோடில் போய் டிடியு என்ற டிரைவர் அழிக்கும் மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மதர்போர்டின் பயாஸ் மென்பொருளை முன்பே கடைசிப் பதிப்புக்கு ஏற்றியிருந்தேன், திரை முதல் முறையிலேயே வந்துவிட்டது.

சரி, ஓட்டிப் பார்த்தால் எப்படி?

நொடிக்கு வரும் ஃபிரேம்களின் (படங்களின்) சராசரி எண்ணிக்கையைப் பார்த்தால் கொண்டாட்டம்தான். ஆனால் சராசரியை வைத்துக்கொண்டு யாரும் கேம் ஆடுவதில்லை. விட்சர் 3 கேமில் காட்டுவழியில் போகும்வரை வெண்ணெய் மாதிரி ஓடும். நோவிகிராட் நகரத்துக்குள் குதிரையை விரட்டினால் படம் வெட்டி வெட்டி நிற்கும். மூலையில் எண்களைக் காட்டவிட்டுப் பார்த்தேன். ப்ராசஸரின் நான்கு கோர்களும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தன, கார்டு 60 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. 60 ஃபிரேம் சீராக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். ஃபிரேம் நேரத்தைக் காட்டும் வரைபடத்தில் அங்கங்கே 50 மில்லிநொடியைத் தாண்டி ஊசி ஊசியாக எழும்பியது. கண்ணுக்கு உறுத்துவது அந்த ஊசிகள்தான். 2022 டிசம்பரில் அந்த கேமுக்குப் பெரிய புதுப்பிப்பு வந்து டைரக்ட்எக்ஸ் 12 (டிஎக்ஸ் 12) என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாறியபோது ப்ராசஸர் சுமை இன்னும் கூடியது. நல்லவேளை, லாஞ்சரில் டிஎக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுக்கும் வசதியை விட்டுவைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மொத்தமாக லோ-வுக்குத் தள்ளுகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. ஓய்வாக இருக்கும் கார்டுக்கு இன்னும் ஓய்வு கொடுத்தது தவிர வேறெதுவும் நடக்காது. செட்டிங்ஸை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரெசல்யூஷன், டெக்ஸ்சர், ஆன்ட்டி-அலியாசிங் (விளிம்புகளை மென்மையாக்குவது), ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை இடுக்குகளைக் கருமையாக்குவது) போன்றவை பெரும்பாலும் கார்டின் வேலை. கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் வரை பொருட்கள் தெரிய வேண்டும் என்பது, புல் பூண்டின் அளவு, இயற்பியல் கணக்குகள் எல்லாம் ப்ராசஸரைப் பிடித்து இழுப்பவை. நிழல் இரண்டு பக்கமும் கை வைக்கும். முதல் வகையைத் தாராளமாக ஏற்றி, இரண்டாம் வகையை இறக்கினேன். சைபர்பங்க் 2077-ல் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தது மற்ற எல்லா மாற்றங்களையும்விட அதிகம் உதவியது. படத்தின் தரம் ஏறியது, வெட்டுவது குறைந்தது. ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரைவதை) மட்டும் தொடவே வேண்டாம், அது கார்டையும் ப்ராசஸரையும் சேர்த்தே படுக்க வைக்கும்.

அடுத்து, ஃபிரேம் எண்ணிக்கையை 60-ல் பூட்டினேன். பழைய சிஸ்டத்தில் கார்டு மாற்றியவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான் என்பேன். பூட்டாமல் விட்டால் வெறுமையான இடத்தில் 110, கூட்டமான இடத்தில் 50 என்று ஊஞ்சலாடும். ப்ராசஸர் எப்போதும் மூச்சு முட்டிக்கொண்டே இருக்கும். பூட்டிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடுவில் அதற்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது, திடீர்ச் சுமையை அந்த இடைவெளியில் சமாளித்துக்கொள்கிறது. ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் பூட்டுவது எனக்கு மிகச் சீராக இருந்தது. கூடவே கார்டின் சூடும் ஃபேன் சத்தமும் இறங்கின.

ஒரு கட்டத்தில் ப்ராசஸரையும் மாற்றினேன். அதே சாக்கெட்டில் உட்காரும் பயன்படுத்திய ஐ7-4790. கோர் அதே நான்குதான், ஆனால் திரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை) எட்டு. டர்போ வேகம் 3.7-லிருந்து 4 கிகாஹெர்ட்ஸ். அதே 84 வாட் என்பதால் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. கூடவே ரேமை இரட்டைச் சேனலில் (இரு பாதைகளில்) 16 ஜிபி ஆக்கினேன். சராசரியில் ஏற்றம் சொற்பம். ஆனால் அந்த ஊசிகள் முக்கால்வாசி காணாமல் போயின. கார்டு மாற்றியபோது வந்த சந்தோஷத்தைவிட இது பெரிது என்றுகூடச் சொல்வேன், மிகைதான், இருந்தாலும். நான்கு திரெட் உள்ள ஐ5 வைத்திருப்பவர்கள் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து இதற்கு வைக்கலாம். பல பி85 போர்டுகளில் இன்டெலின் ஜியான் இ3-1231 வி3 ப்ராசஸர் கூட வேலை செய்யும். அதில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு இருக்கும்போது அது குறையும் இல்லை.

டிரைவர் விஷயத்தில் நாள்பட நாள்பட நிலைமை தேறியது. நான் வாங்கிய வருடத்தின் நடுவிலேயே டிஎக்ஸ் 11 வேகம் கூடியது. ஜூலையில் வந்த 22.7.1 பதிப்பு ஓபன்ஜிஎல் என்ற இன்னொரு கிராபிக்ஸ் முறையின் வேகத்தை நன்றாக ஏற்றிவிட்டது. மைன்கிராஃப்ட் ஜாவா ஆடுபவர்கள் உடனே கண்டுபிடித்திருப்பார்கள். நான் கழற்றி வைத்த 750 டிஐ வரிசைக்கு 2025 அக்டோபரோடு கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை.

கேமுக்கு வெளியே கிடைத்த லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. விபி9, எச்இவிசி, ஏவி1 என்ற மூன்று வீடியோ வடிவங்களையும் கார்டே பிரித்துக் காட்டுவதால், வீடியோ ஓடும்போது ப்ராசஸர் கிட்டத்தட்டத் தூங்குகிறது. சிஸ்டம் வயதானதாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இந்த வீடியோச் சுமைதான் போலிருக்கிறது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்ய ஏஎம்டியின் எச்ஐபி வழி இருக்கிறது, வேலை நடக்கிறது. ஆனால் உங்கள் மென்பொருள் என்விடியாவின் கூடா (CUDA) முறையை நம்பி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், என்விடியா பக்கம் போய்விடுங்கள்.

சூட்டைப் பற்றி. கார்டின் சராசரி வெப்பத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஹாட்ஸ்பாட் என்று இன்னொரு எண் உண்டு, சிப்பின் மிகச் சூடான புள்ளி. தொடக்கத்தில் இரண்டுக்கும் 15 டிகிரி அளவுக்கு வித்தியாசம். போகப்போக அது 25-ஐத் தாண்டியது, ஃபேனும் முன்பைவிட உரக்கச் சுற்றியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நடுவிலிருக்கும் தெர்மல் பேஸ்ட் (சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவதால் வருவது இது. ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தபோது சிப்பின் நடுப்பகுதி கண்ணாடிபோல் பளபளத்தது, பேஸ்ட் எல்லாம் விளிம்பில் வரப்பு கட்டியிருந்தது. துடைத்துக் கெட்டியான பேஸ்ட் போட்டதும் பழைய நிலைக்கு வந்தது. வாரண்டி ஸ்டிக்கர் இருக்கும் கார்டில் முதலில் அதன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். பழைய கேபினட்டில் பின்பக்கம் மட்டும் ஒரு ஃபேன் இருந்தால், முன்பக்கம் ஒன்று சேர்ப்பது கார்டின் மேல் செய்யும் எந்த வைத்தியத்தையும்விட உருப்படியான காரியம். டிரைவர் செட்டிங்ஸில் வோல்ட்டேஜைச் சற்று இறக்கி வைத்திருக்கிறேன், வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

கார்டு மாற்றினால் தீராத ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். ஐ5-4590, ஐ7-4790 போன்ற நான்காம் தலைமுறைக்கு எந்தக் கார்டு போட்டாலும் கதவு திறக்காது. நான் லினக்ஸுக்குப் போனேன். ஏஎம்டி கார்டுக்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலும் மெசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பிலும் ஏற்கெனவே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் ஓடுகின்றன. கெர்னல் அளவில் ஆன்ட்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) வைத்திருக்கும் ஆன்லைன் கேம்கள் பல ஓடாது. அவைதான் உயிர் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

போர்டு ஒருநாள் போகும். அப்போது ஆர்எக்ஸ் 6600-ஐயும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றி அடுத்த சிஸ்டத்தில் போட்டுவிடலாம். கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கொஞ்சம் தரமாக வாங்கச் சொல்வது அதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாத பிராண்டட் ஆபீஸ் சிஸ்டங்கள் உண்டு. போர்டுக்குப் போகும் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். அவற்றுக்கு 2024-ல் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பொருந்தும், தனிக் கேபிள் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். எச்81 சிப்செட் போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள். அதில் ஸ்லாட் பிசிஐ 2.0 வேகத்தில்தான் ஓடும், எட்டு லேன் கார்டு போட்டால் நொடிக்கு 4 ஜிபிதான். பதினாறு லேனையும் பயன்படுத்தும் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது, எஸ்எம்பிஎஸ் இடம் கொடுத்தால், 1650 சூப்பர் அங்கே இன்னும் பொருத்தமாக இருக்கும்.