ஏலகிரி ஏற 34 பல் பிரீவீல்: மூன்று முறை பாதியில் திரும்பியவனின் அனுபவம்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் பின் சக்கரத்தில் மாட்டும் ஏழு கியர் பிரீவீல், அதாவது ஏழு பல்சக்கரங்களை அடுக்கிய தொகுப்பு, சிறியதில் 14 பல்லில் தொடங்கிப் பெரியதில் 34 பல் வரை உள்ளது. வாணியம்பாடியில் ஒரு பாய் கடையில் வாங்கி அங்கேயே மாட்டினேன். பிரீவீல், கொஞ்சம் நீளமான புதுச் செயின், பிரேக் கட்டைகள், கூலி எல்லாம் சேர்த்து 1,750 ரூபாய் ஆனது. இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஏலகிரி மலையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அந்த மலையில் மூன்று முறை தோற்றுத் திரும்பாமல் இருந்திருந்தால், இப்படி ஒரு சாமான் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஏலகிரியை விளக்கத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது திருப்பத்தூர் மாவட்டம், 2019 வரை வேலூர் மாவட்டம், அப்பா காலத்து ஆட்கள் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்கள். பொன்னேரியில் திரும்பினால் மலை ரோடு. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்ச் சேர்ந்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் உண்டு. கீழே பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று ஏழு புலவர்கள், அதற்கு மேலே பாரி, காரி, ஓரி என்று கடையேழு வள்ளல்கள். பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப் பலகைகளை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. சைக்கிளில் போன பிறகு எந்த வளைவுக்கு யார் பெயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு 43 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மாதத்தில்தான் சைக்கிள் வாங்கினேன், முன்னால் பெடலோடு ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு கியர் உள்ள சாதாரண வண்டி. பாலாற்று ஓரமாகச் சமதளத்தில் ஓட்டிப் பழகி, தினம் இருபது கிலோமீட்டர் சுலபமாகப் போக ஆரம்பித்ததும் ஏலகிரி ஏறிப் பார்க்கலாம் என்ற ஆசை வந்தது. தை மாதம் முதல் முயற்சி, கம்பர் வளைவில் மூச்சு முட்டித் திரும்பினேன். மாசியில் இரண்டாவது, ஔவையார் வரை. பங்குனியில் மூன்றாவது முறை போனபோது எட்டாவது வளைவான பாரியைத் தாண்டிக் காரி வரை போய்விட்டேன், அங்கே தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக உட்கார்ந்தவன், எழுந்ததும் யோசிக்காமல் வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டேன். ஐந்து நிமிடம்தான். இறங்கிக் கபிலர் வளைவுக்கு வரும்போது கால் சரியாகிவிட்டது, மூச்சும் சரியாகிவிட்டது, அப்போது வந்த வேதனை தொடைப் பிடிப்பை விட அதிகம். திரும்ப ஏறவும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து நான்கு மாதம் சைக்கிள் திண்ணையில் நின்றது, அதன் மேல் துண்டு காய்ந்தது.

அந்த நாட்களில் போனில் ஊக்கப் பேச்சு வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். பார்க்கிற நேரம் நெஞ்சு நிமிரும், மறுநாள் காலை நாலரைக்கு அலாரம் அடிக்கும்போது அதில் ஒரு வார்த்தை கூட உதவிக்கு வராது. எனக்கு மன உறுதி கிடையாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அது எவ்வளவு தப்பான முடிவு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மனம் தளர்ந்ததற்குப் பாதிக் காரணம் என் சைக்கிளின் பின் சக்கரத்தில் இருந்தது.

என் பெண் பதினொன்றாம் வகுப்பு, பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் பஞ்சர் என்று பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கடையில் பாதி வண்டி அந்தப் பள்ளிக்கூட வண்டிகள்தான். "உங்க கியர் வண்டி எங்க சார், கண்லயே காணோம்?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். அவர் என் காலைப் பற்றியோ வயதைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "முன்னாடி எத்தனை பல்லு, பின்னாடி பெரிய சக்கரம் எத்தனை பல்லு?" என்றார். எனக்குத் தெரியாது. "கொண்டாங்க" என்றார்.

மறுநாள் கொண்டுபோனேன், கட்டை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். முன்னால் 42, பின்னால் பெரியது 28. "சார், கால்ல ஒண்ணும் குறை இல்ல. இந்தப் பல்லு பெங்களூர் ரோட்டுக்குச் சரி, ஏலகிரிக்குப் பத்தாது."

கணக்கு இதுதான். 42 பல்லை 28 பல்லோடு சேர்த்தால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும், 26 இன்ச் சக்கரத்தில் அது சுமார் 3.1 மீட்டர். பின்னால் 34 பல் என்றால் அதே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர்தான். தூரம் குறைகிற அளவுக்கு மிதிக்க வேண்டிய பாரமும் குறைகிறது, ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே. நான் அந்த மலையில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறுகிறேன். பழைய பல்லில் அந்த வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 37, 38 முறைதான் சுற்றும், அதாவது ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டை சுமந்து ஏறுகிற மாதிரி. புதிய பல்லில் 45 முறை. தொடை பிடித்ததற்கு உப்பும் தண்ணீரும் போதாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு மிதியையும் முழு பலத்தோடு மிதித்தால் எந்தத் தொடையும் சீக்கிரம் சோர்ந்துதான் போகும்.

இடையில் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆன்லைனில் 34 பல் ஒன்றை நானே வாங்கிவிட்டேன். பாய் கையில் வாங்கிப் பார்த்ததுமே, "இது கேசட் சார், இதுக்கு வேற மாதிரி ஹப்பு, அதான் சக்கரத்தோட நடு உருளை, வேணும். உங்க சக்கரத்துல மரை இருக்கு, திருகி மாட்டற பிரீவீல்தான் சேரும்" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாங்கும் முன் சக்கரத்தைக் கழற்றிக் கடைக்காரரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பின் டீரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்துகிற கை, 34 பல் வரை தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். கை குட்டையாக உள்ள டீரெய்லர் என்றால் பெரிய பல்லில் ஏறும்போது செயின் இழுத்துப் பிடிக்கும். என் வண்டியில் இருந்தது தாங்கியது, செயினை மட்டும் நீளமானதாக மாற்றினோம்.

கடையைப் பற்றி. ஒரு நாளில் தருகிறேன் என்றார், நான்கு நாள் ஆனது. பில் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை அடைத்திருக்கும், தெரியாமல் போய் வெயிலில் நின்றேன். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. சக்கரத்தில் கோட்டம் எடுத்து, கியரைச் செட் பண்ணி, என்னையே தெருவில் இரண்டு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நான் கேட்காத ஒன்றையும் அவரே சொன்னார். "ஏறறதை மட்டும் பேசறீங்க, இறங்கணும் இல்ல?" பிரேக் கட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. மாற்றச் சொன்னேன். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது, ரிம் சூடாகிவிடும், பிடித்து விட்டுப் பிடித்து விட்டு வர வேண்டும் என்று கையில் பிடித்துக் காட்டினார். எனக்கு அந்த ஒரு அறிவுரைக்கே கூலி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

பிரீவீலில் உள்ள குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த வகையில் பல்வரிசை 14, 16, 18, 20, 22, 24 என்று அழகாகப் போய்க் கடைசியில் ஒரேயடியாக 34க்குத் தாவுகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் கடைசிப் பல்லுக்கு மாறியவுடன் கால் சட்டென்று காற்றில் சுற்றுகிற மாதிரி இருக்கும், பழக ஒரு வாரம் ஆனது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நறநறவென்று கத்தும், தாண்டியும் விழலாம். வளைவு வருவதற்கு முன்பே, ரோடு கொஞ்சம் தணிந்த இடத்தில் மாற்றிவிட வேண்டும். முதல் வாரத்தில் கியர் கம்பி தளர்ந்து கியர் வழுக்கியது, திரும்பப் போனபோது காசு வாங்காமல் இறுக்கிக் கொடுத்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காவது முயற்சி. என் பெண் ஒரு சீட்டில் 14 வளைவுகளின் பெயரையும் எழுதி ஹேண்டில் பாரில் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். "அப்பா, மேல போறேன்னு நினைக்காத, அடுத்த பேரை மட்டும் பார்." பிள்ளை சொன்னது அந்த நேரம் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பொன்னேரியில் திரும்பும்போது ஐந்தரை, இருட்டு விலகிக்கொண்டிருந்தது. முதல் மூன்று வளைவுகளை வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன், ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் போகவில்லை. முந்தைய மூன்று முறையும் இந்த மூன்று வளைவுகளில்தான் வேகம் காட்டிச் சக்தியைச் செலவழித்திருந்தேன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. நாம் இடது பக்கம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள் ஓரம் கிடைக்கிறது, அது குறுகிய தூரத்தில் செங்குத்தாக ஏறும். வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளி ஓரம், தூரம் அதிகம், ஏற்றம் சாதுவாக இருக்கும். அதனால் ஒரு கஷ்டமான வளைவு முடிந்தால் பெரும்பாலும் அடுத்தது இளைப்பாறுகிற வளைவு. முன்பு இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

கம்பர் போனது, ஔவையார் போனது, காரியும் போனது. அதற்கு மேல் எனக்குப் புது ரோடு. அங்கேதான் வந்தது. கால் வலிக்கவில்லை, தொடை பிடிக்கவில்லை, ஆனாலும் போதும், திரும்பிவிடலாம் என்று ஒரு எண்ணம், பழைய எண்ணம், அதே குரலில். பல் மாற்றினால் இதெல்லாம் போய்விடும் என்று நம்பியிருந்தேன், போகவில்லை. ஓரி வளைவு தாண்டிக் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தேன். திரும்புவதாக இருந்தால் உட்கார்ந்து, தின்று, குடித்து, ஐந்து நிமிடம் கழித்துத்தான் முடிவு எடுப்பேன் என்று பங்குனி மாதமே எனக்கு நானே வைத்த கட்டுப்பாடு. மூச்சு முட்டுகிற நேரத்தில் எடுக்கிற முடிவு எனக்கு எப்போதும் ஒரே முடிவாகத்தான் இருந்திருக்கிறது. கடலை மிட்டாய் இரண்டு, உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் பாதி பாட்டில். குரங்கு ஒன்று மிட்டாய்த் தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாட்சைப் பார்த்து ஐந்து நிமிடம். கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் சத்தம் கேட்டது. அப்புறம் சீட்டைப் பார்த்தேன், அடுத்த பெயர் அதியமான். அவ்வளவுதான், அதியமான் வரை போகலாம் என்று ஏறினேன்.

அதியமானிலிருந்து நல்லி, நல்லியிலிருந்து ஆய். கடைசி வளைவு பேகன். அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். பொன்னேரியிலிருந்து அத்தனாவூர் டீக்கடை வரை இரண்டு மணி பத்து நிமிடம், உட்கார்ந்த நேரமும் சேர்த்து. டீ குடித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். பெண் எடுத்தாள், எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

யாருக்கு இந்தப் பொருள் தேவை என்றால், முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள கியர் வண்டி வைத்துக்கொண்டு ஏலகிரியோ ஜவ்வாது மலையோ ஏற நினைப்பவர்களுக்கு. முன்னாலேயே மூன்று பல்சக்கரம் உள்ள வண்டி என்றால் அதில் சின்னப் பல்சக்கரமே போதும், பணம் செலவழிக்காதீர்கள். சமதளத்தில் மட்டும் ஓட்டுபவர்களுக்கும் வேண்டாம், 24க்கும் 34க்கும் நடுவில் உள்ள இடைவெளி எரிச்சல் தரும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், கடைக்கு நாலரை, அந்த நான்கு நாள் தாமதத்துக்காக அரை குறைத்திருக்கிறேன்.

கழற்றிய பழைய 28 பல் பிரீவீலை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று பாய் கேட்டார். அங்கேயே விட்டுவிட்டேன். தேய்மானம் அதிகம் இல்லை, சமதளத்தில் ஓட்டுகிற யாருக்காவது உதவும் என்று எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.